பவுண்டு நோட்டும் தூக்குக் கயிறும்

நோட்டு என்பது ஒரு வாக்குறுதி. தாளுக்கென்று தனி மதிப்பு ஏது? தாளின்மீது பொறித்த சொல்லுக்குத்தான் மதிப்பு. இதைக் கொண்டு வருபவருக்கு இத்தனை ரூபாய் தருவேன் என்று ரிசர்வ் பாங்கியின் கவர்னர் உறுதி கூறிக் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்தை நம்பிக் கடைக்காரர் அரிசியைத் தருகிறார். அதே கையெழுத்தை நம்பி உழைப்பாளி தன் வியர்வையைத் தருகிறான். இங்கிலாந்து பாங்கியின் நோட்டிலும் இதே வகை வாசகம் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

அந்த வாசகத்தின் சாயலிலே, அந்த நோட்டின் வடிவத்திலே, 1819 ஜனவரியில் லண்டன் நகரிலே ஒரு தாள் வெளிவந்தது. அதிலும் உறுதிமொழி இருந்தது. அதிலும் கையெழுத்து இருந்தது. கையெழுத்திட்டவர் யார்? காசாளரா? இல்லை. கவர்னரா? இல்லை. தூக்கிலிடுபவன்! நாட்டின் நாணயத்துக்கு நாணயம் கூறிக் கையெழுத்திட்டவன், கழுத்திலே கயிறு மாட்டும் தொழிலாளி!

அதைத் தீட்டியவர் ஜார்ஜ் குருக்‌ஷாங்க். வெளியிட்டவர் வில்லியம் ஹோன். அந்தத் தாளுக்கு அவர்கள் இட்ட பெயர், பாங்கிக் கட்டுப்பாட்டு நோட்டு. கருத்துப்படங்களின் வரலாற்றிலே இதற்கு இணையானவை மிகச் சிலவே என்பது நம் எண்ணம். அந்த எண்ணத்துக்குக் காரணம் காட்டுவதும், அந்தப் படம் எங்கே வென்றது, எங்கே சறுக்கியது என்று சீர்தூக்கிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் வேலை.

படத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தக் கட்டுப்பாடு என்ன என்பதை முதலில் அறிய வேண்டும். 1797 பிப்ரவரி. பிரான்சோடு போர். வேல்ஸ் கரையிலே பிரெஞ்சுப் படையொன்று வந்து இறங்கிவிட்டது என்ற செய்தி பரவுகிறது. பயந்தவர் அனைவரும் நோட்டைக் கொடுத்துத் தங்கத்தை வாங்கப் பாங்கிக்கு ஓடுகின்றனர். இருப்போ குறைவு. போருக்கென்று அரசு வாங்கிய கடனோ மலை போல் உயர்ந்து நிற்கிறது. பிப்ரவரி 26-ஆம் நாள் அரசு ஆணையிடுகிறது: பாங்கி இனி நோட்டுக்குத் தங்கம் தர வேண்டாம்! அடுத்து வந்த சட்டத்துக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று பெயர்.

கடன்பட்டவன் கடனைக் கொடுக்க மறுத்தால் ஏழைக்கு அதன் பெயர் மோசடி, சிறைவாசம். பாங்கி கொடுக்க மறுத்தால் அதன் பெயர் கட்டுப்பாடு! சில நாளைக்கு என்று தொடங்கிய அந்தக் கட்டுப்பாடு 1821 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள் நீடித்தது.

தங்கம் மறைந்தது. சில்லறைப் புழக்கத்துக்கு என்ன செய்வது? அதுவரை ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டை இங்கிலாந்து பாங்கி வெளியிட்டதில்லை. ஐந்து பவுண்டு நோட்டு சீமான்கள் கையிலும் வணிகர் பெட்டியிலும் மட்டுமே புரண்ட தாள். 1797-இல் ஒரு பவுண்டு நோட்டும் இரண்டு பவுண்டு நோட்டும் வந்தன. தச்சன் கைக்கு வந்தது நோட்டு. தையற்காரி கைக்கு வந்தது நோட்டு. எழுத்தறியாதவன் சட்டைப் பைக்கும் வந்தது நோட்டு.

எப்படிப்பட்ட நோட்டு? ஒரு பக்கம் மட்டும் அச்சு, கறுப்பு மை, சில வரி எழுத்து, சின்னஞ்சிறு உருவம் ஒன்று. செப்புத் தகட்டிலே எழுத்து வெட்டத் தெரிந்தவன் எவனும் அதைப்போல் இன்னொன்று செய்துவிடலாம். செய்தார்கள். கள்ள நோட்டுகள் பெருகின. பாங்கி என்ன செய்திருக்க வேண்டும்? எளிதில் எவரும் போலி செய்ய முடியாத நோட்டை அச்சிட்டிருக்க வேண்டும். அதற்கு முயற்சிகள் நடந்தன. ஆனால் ஆண்டுகள் உருண்டன, நோட்டு மாறவில்லை. மாறாத நோட்டுக்குக் காவலாகத் தூக்குமேடை நின்றது.

கள்ள நோட்டைச் செய்தாலும் தூக்கு. கள்ளமென்று தெரிந்தே அதை மாற்றினாலும் தூக்கு. 1801-இல் வந்த ஒரு சட்டம், கள்ள நோட்டை வைத்திருந்ததற்குப் பதினான்கு ஆண்டு தீவாந்தரம் என்றது. வழக்குத் தொடுப்பதும் பாங்கியே! மாற்றிய குற்றமா, வைத்திருந்த குற்றமா, எதைச் சாட்டுவது என்று முடிவெடுப்பதும் பாங்கியே! அதாவது, இவனுக்குக் கயிறு, அவனுக்குக் கப்பல் என்று பிரித்து வைத்தது, லாபம் ஈட்டும் ஒரு வணிகக் கம்பெனி. கட்டுப்பாடு நடந்த அந்த ஆண்டுகளில் கள்ள நோட்டுக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டோர் முந்நூறு பேருக்கு மேல்.

அவர்களில் யார் மிகுதி? தகட்டை வெட்டிய தந்திரக்காரன் மறைவிலே இருப்பான். கடை வாசலில் நோட்டை நீட்டியவர்தான் பிடிபடுவார். 1818-இல் ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண் கள்ள நோட்டை மாற்றினாள் என்று தூக்கிலிடப்பட்டாள். நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃபிரை, அவளது உயிருக்காக அமைச்சர் வரை சென்று மன்றாடினார். அமைச்சர் அசையவில்லை.

நியூகேட்டின் அருகே தூக்கிலே தொங்கியவர்களைத் தாம் கண்டதாகவும், அவர்களிடையே பெண்கள் இருந்ததாகவும், குற்றம் என்னவென்று கேட்டபோது ஒரு பவுண்டுக் கள்ள நோட்டு என்று விடை வந்ததாகவும் குருக்‌ஷாங்க் தம் முதுமையில் எழுதினார். ஒரு பவுண்டு! வீட்டுக்குச் சென்றார், பென்சிலை எடுத்தார், படம் பிறந்தது.

இனிப் படத்துக்கு வருவோம்.

உண்மை நோட்டிலே பிரிட்டானியா என்ற பெண்ணுருவம் இருக்கும். நாட்டின் தாய் என்று போற்றப்பட்ட உருவம். குருக்‌ஷாங்கின் நோட்டிலும் அவள் இருக்கிறாள். என்ன செய்கிறாள்? தான் பெற்ற பிள்ளைகளைத் தின்கிறாள்! அவளைச் சுற்றிலும் தீவாந்தரக் கைதிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்கள். உண்மை நோட்டிலே பவுண்டுக் குறி அழகிய வளைவுகளோடு இருக்கும். இந்த நோட்டிலும் வளைவுகள் உள்ளன. உற்றுப் பார்த்தால், அது சுருட்டிய தூக்குக் கயிறு. நடுவிலே வரிசையாகத் தொங்குகின்றனர் ஆண்களும் பெண்களும். கீழே கையெழுத்து: ஜே. கெட்ச். ஜாக் கெட்ச் என்பவன் இரண்டாம் சார்லஸ் காலத்திலே லண்டனில் தூக்கிலிடும் பணியில் இருந்தவன்; அவன் பெயரே பிற்காலத்தில் அத்தொழிலார் அனைவருக்கும் பெயராகிவிட்டது.

கயிறு, பிணம், பிள்ளைக்கறி தின்னும் தாய்! வெறும் பயங்காட்டல் என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்களை ஒன்று கேட்போம்: இதில் எது கற்பனை? தூக்கிலே மக்கள் தொங்கவில்லையா? கப்பல் செல்லவில்லையா? பெற்ற மக்களைக் கொன்று தன் செல்வத்தைக் காத்த நாட்டுக்குத் தாய் என்ற பெயர்தான் கற்பனை, பிள்ளைக்கறி உண்மை!

இதே கட்டுப்பாட்டைப் பற்றி வேறு கருத்துப்படங்கள் வரவில்லையா? வந்தன, பெரும்புகழும் பெற்றன. ஜேம்ஸ் கில்ரே, 1797-இல் இரண்டு படம் தீட்டினார். ஒன்றிலே பிரதமர் பிட், தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டுமென்று வரம் கேட்ட கிரேக்கக் கதை மன்னன் மைடாசாக நிற்கிறார். வயிறு நிறையத் தங்கக் காசு, வாயிலிருந்து கொட்டுவதோ தாள். தொட்டதைப் பொன்னாக்கியவன் மைடாஸ், பொன்னைத் தாளாக்கியவர் பிட் என்பது நையாண்டி. மற்றொன்றிலே, பாங்கி ஒரு கிழவி. அவளுடைய உடையே ஒரு பவுண்டு நோட்டுகள். உட்கார்ந்திருப்பது பூட்டிய தங்கப் பெட்டியின் மேல். பிட் அவளை அணைத்துக்கொண்டு அவளது பையில் கைவிடுகிறார், கிழவி கூச்சலிடுகிறாள். திரெட்னீடில் தெருக் கிழவி என்று இன்றும் அந்தப் பாங்கிக்கு வழங்கும் செல்லப்பெயர் அந்தப் படத்தால் நிலைபெற்றது.

கில்ரேயின் கை, குருக்‌ஷாங்கின் கையைவிடத் தேர்ந்த கை என்பதை மறுக்க மாட்டோம். சிரிப்பு மூட்டுவதில் அவருக்கு நிகர் அவரே. ஆனால், தோழர்களே, அந்த இரு படங்களிலும் யார் இருக்கிறார்கள்? பிட் இருக்கிறார், பாங்கி இருக்கிறது, தங்கம் இருக்கிறது. நோட்டைக் கையில் வாங்கும் மனிதன் எங்கே? இல்லை! மேலே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கொள்ளையடிக்கும் வேடிக்கையைக் கீழே இருப்பவன் பார்த்துச் சிரிக்கலாம். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த இடம். கில்ரேயிடம் சிரித்த சீமான்கள் அவரை வெறுக்கவில்லை. அதே 1797-இல் அரசின் உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தது! யாருடைய வயிற்றைக் கிண்டல் செய்தாரோ, அவர்களே அவருடைய வயிற்றுக்கும் வழி செய்தனர். தலைவனின் மூக்கைப் பெரிதாக வரைவது எளிது. தலைவனே அதை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்வான். அவனுடைய முறையை, அமைப்பை, சட்டத்தை வரைந்தால்தான் அவனுக்குச் சுடும்.

குருக்‌ஷாங்கின் படத்தில் பிட்டும் இல்லை, எந்த அமைச்சரும் இல்லை. அவர் வரைந்தது ஆளையல்ல, நோட்டையே! இங்கேதான் அவருடைய அறிவுக் கூர்மையைக் காண்கிறோம். கள்ள நோட்டு அடித்தவரைத் தூக்கிலிட்ட நாட்டிலே, அவர் ஒரு கள்ள நோட்டு அடித்தார். மற்ற கள்ள நோட்டுகள் பொய்யை மெய்யென்று காட்டின. இவருடைய கள்ள நோட்டு, மெய் நோட்டு மறைத்த மெய்யைக் காட்டியது.

இந்த உத்திக்கு வெளியீட்டாளர் ஹோனும் காரணம் என்று கருத இடமுண்டு. சமய வினாவிடையின் நடையையும், வழிபாட்டு மன்றாட்டின் நடையையும், விசுவாச அறிக்கையின் நடையையும் எடுத்து, அவற்றிலே ஆட்சியாளர்களை ஏளனம் செய்து வெளியிட்டவர் ஹோன். தெய்வ நிந்தனை என்று வழக்கு. 1817 டிசம்பரில் மூன்று நாள், மூன்று வழக்கு. வழக்கறிஞர் இல்லை, தாமே வாதாடினார். மூன்று முறையும் ஜூரிகள் குற்றமற்றவர் என்றனர்! புனிதம் என்று ஆட்சி போர்த்திக்கொள்ளும் போர்வையை எடுத்து, அதே போர்வையால் ஆட்சியின் முகத்தைத் துடைத்துக் காட்டுவது ஹோனின் கலை. முதலில் மன்றாட்டு, அடுத்து நோட்டு. இரண்டும் கேள்வி கேட்காமல் நம்பும்படி மக்களைப் பழக்கிய தாள்கள் அல்லவா?

படத்திலுள்ள உறுதிமொழியைச் சற்று ஆழ்ந்து படிக்க வேண்டும். தூக்கிலிடுபவன் என்ன உறுதி கூறுகிறான்? பாங்கியின் கவர்னருக்காகவும் கம்பெனிக்காகவும் என் வேலையைச் செய்துகொண்டே இருப்பேன் என்கிறான். எதுவரை? எளிதில் போலி செய்யத்தக்க நோட்டுகள் வெளிவரும் வரை. தங்கம் மீண்டும் தரப்படும் வரை, அல்லது மரண தண்டனை ஒழியும் வரை. பாருங்கள், ஏளனத்தின் நடுவே ஒரு வாதம்! குற்றம் எங்கே பிறக்கிறது என்று சொல்லிவிட்டார்: எளிய நோட்டிலே. வழி என்ன என்றும் சொல்லிவிட்டார்: தங்கம் திரும்புதல் ஒன்று, தூக்கு ஒழிதல் மற்றொன்று. பெரும்பாலான கருத்துப்படங்களில் கோபம் இருக்கும், வழி இருக்காது. இதிலே இரண்டும் உண்டு. கட்டுப்பாடு என்ற பெயரைக்கூட அவர் வீணாக்கவில்லை. பாங்கியின் பணப்பெட்டியைக் கட்டிய கட்டு, ஏழையின் கழுத்தைக் கட்டிய கட்டாக மாறியதை அந்த ஒரு சொல்லே உரைக்கிறது.

இனிக் குறை கூறும் கடமைக்கு வருவோம். குறை சொல்லாத திறனாய்வு, கோயில் பிரசாதத்தைப் போன்றது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், பசி தீராது.

முதற்குறை: தொங்குபவர் முகம் தெரிகிறது, தொங்கவிட்டவர் முகம் தெரியவில்லை. தூக்கிலிடுபவன் கூலிக்கு வேலை செய்பவன். யாருக்குக் கயிறு, யாருக்குக் கப்பல் என்று தீர்மானித்த கனவான்கள், மேசையைச் சுற்றி அமர்ந்து கோப்பைப் புரட்டிய பாங்கி இயக்குநர்கள், படத்திலே இல்லை. அவர்களுக்காகக் கையெழுத்திடுகிறேன் என்ற ஒரு வரியோடு அவர்கள் தப்பிவிடுகிறார்கள். பிள்ளையைத் தின்பவள் பிரிட்டானியா என்றால், பழி நாடு முழுவதற்கும் பரவி, உரியவர் மேல் குறைந்துவிடுகிறதே!

இரண்டாம் குறை இதைவிடப் பெரிது. தப்பிக்க இரண்டு வாயில் காட்டினாரே, அவற்றில் ஒன்று போலி வாயில்! நோட்டோடு ஹோன் ஒரு பாரமானியையும் அச்சிட்டு வெளியிட்டார். தங்கம் வந்தால் நாடு ஏறும், தாள் நீடித்தால் நாடு இறங்கும் என்பது அதன் கணக்கு. தங்கம் இருந்த காலத்தில் தூக்குமேடை இல்லையா? கள்ள நாணயம் அடித்தல் அரச துரோகம் என்று கூறி, அக்குற்றத்துக்குப் பெண்களைக் கம்பத்தில் கட்டி எரிக்கும் தண்டனை இங்கிலாந்தில் 1790-இல் தான் நீக்கப்பட்டது. அது தாள் பெருகுமுன், தங்கம் பளபளத்த காலம்! 1821-இல் தங்கம் திரும்பியது. ஒரு பவுண்டு நோட்டும் மறைந்தது. கள்ள நோட்டுக்காகத் தொங்கியவர் தொகையும் வெகுவாகக் குறைந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கயிறு அறுந்ததா? 1824-இல் ஹென்றி ஃபாண்ட்லராய் என்பவர் போலிக் கையெழுத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். அவரோ ஒரு பாங்கிக்காரர்! போலி ஆவணக் குற்றத்துக்காக ஒருவர் இறுதியாகத் தூக்கிலேறியது 1829 டிசம்பரில். பாரமானியின் கணக்குப்படி நாடு ஏறிவிட்ட காலம் அது. ஆகவே உண்மை வாயில் ஒன்றே ஒன்றுதான்: தண்டனைச் சட்டத்தைத் திருத்துதல். பணம் எந்த உலோகத்தில் இருந்தாலும், பணத்தைவிட உயிர் மலிவு என்று கருதும் சட்டம் இருக்கும் வரை, பலியும் இருக்கும்.

மூன்றாவது, குறையன்று, ஓர் எச்சரிக்கை. தம் படமே தூக்கை ஒழித்தது என்று குருக்‌ஷாங்க் முதுமையில் பெருமை கொண்டார். கலைஞனின் பெருமையைப் பொறுத்துக்கொள்ளலாம். வரலாறு என்று ஏற்க இயலாது. படம் வெளிவருமுன்பே, 1818 இறுதியில், லண்டன் ஜூரிகள் கள்ள நோட்டு வழக்குகளில் குற்றமற்றவர் என்று கூறத் தொடங்கிவிட்டனர். இது கள்ள நோட்டு என்று பாங்கியின் அலுவலர் சொன்னால் போதாது, எப்படித் தெரியும் என்று கூறு என்றனர்! சொல்ல மறுத்தது பாங்கி. தண்டிக்க மறுத்தனர் ஜூரிகள். இந்தப் பகுத்தறிவுக் கேள்விக்கு முன் எத்தனை படத்தையும் வைக்கலாம். அதற்கும் முன்பே பார்லிமெண்டில் ஆண்டுக்கணக்காகத் தூக்குச் சட்டங்களை எதிர்த்துப் போராடியவர் சாமுவேல் ரோமிலி. 1818-இல் அவர் மறைந்தபின் அந்தப் பணியை ஜேம்ஸ் மெக்கின்டாஷ் ஏற்றார். 1830-இல் நடந்ததோ விந்தையிலும் விந்தை: பல ஊர்களின் பாங்கிக்காரர்களே திரண்டு, இந்தக் குற்றத்துக்குத் தூக்கு வேண்டாமென்று பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் அனுப்பினர். கருணையா? கணக்கு! தூக்கு என்றால் சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை, ஜூரிகள் தண்டிப்பதில்லை, எங்கள் சொத்துக்குக் காவல் இல்லை என்றனர். 1832-இல் போலிக் குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தூக்கு நீங்கியது. எஞ்சியவற்றுக்கு 1837-இல் நீங்கியது. படம் பிறந்து பதினெட்டு ஆண்டுகள்!

அப்படியானால் படம் செய்தது என்ன? சட்டத்தைப் படம் மாற்றவில்லை; பார்வையை மாற்றியது. அதுவரை நோட்டைப் பார்த்தவன் அதில் ஒரு பவுண்டைக் கண்டான். படத்தைப் பார்த்தபின் அதே நோட்டிலே கயிற்றைக் கண்டான். ஒருமுறை கண்டவன் காணாதவனாக மாற முடியாது. ஜூரிகளின் ஆசனத்தில் அமர்ந்தவனும் அவன்தான். மனுவில் கையெழுத்திட்டவனும் அவன்தான்.

கருத்துப்படத்துக்குப் பொருள் காணும் முறையையும் இந்த நோட்டு நமக்குக் கற்பிக்கிறது. வகுப்பில் மாணவருக்கு ஒரு கருத்துப்படத்தைக் காட்டினால், இவர் யார், அவர் யார் என்று ஆள் அடையாளம் கேட்கிறார்கள். அது முதற்படி. இரண்டாம் படி, ஓவியர் எதைத் திரித்திருக்கிறார், எதை உள்ளபடியே விட்டிருக்கிறார் என்று பிரித்தறிதல். மூன்றாம் படி, படத்திலே இல்லாதவர் யார் என்று கேட்டல். கில்ரேயின் படத்தில் ஏழை இல்லை. குருக்‌ஷாங்கின் படத்தில் இயக்குநர் இல்லை. இல்லாதவரைத் தேடிப் பிடிக்கும் கண்ணே திறனாய்வின் கண்.

மூடநம்பிக்கை கோயிலில் மட்டுமா குடியிருக்கிறது? முத்திரையில் குடியிருக்கிறது; கையெழுத்தில் குடியிருக்கிறது; சட்டம் என்ற சொல்லிலும் குடியிருக்கிறது. இளைஞர்களே! ஓர் அரசாங்கத் தாளில் தருவேன் என்ற சொல்லைக் காணும்போது, யாருக்கு என்று கேளுங்கள். யாரிடமிருந்து எடுத்து என்றும் கேளுங்கள். ஒரு பவுண்டுக்கு ஓர் உயிர் என்று விலை வைத்த நாட்டிலே, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க ஓர் இளைஞர் பென்சில் எடுத்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு.